இருபத்து நான்காவது கட்டுரை

சென்னையில் நான் முதலில் செருப்பைக் கழற்றிய இடம் கோயில் அல்ல. அடையாற்றில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தின் கணினி அறை வாசல். கதவில் ஓர் அட்டை தொங்கியது: காலணிகளை வெளியே விடவும். ஏழெட்டு ஜோடிகளுக்கு நடுவே என் செருப்பையும் விட்டுவிட்டு வெறுங்காலுடன் உள்ளே போனேன். குளிரூட்டி ஓடியதில் தரை எங்கள் மலைக்காலைபோலச் சில்லென்றிருந்தது. தோட்டத்தில் துரை பங்களாவுக்குப் போகும்போது அப்பாவும் இப்படித்தான் செருப்பைக் கழற்றுவார். கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நான் இலங்கை மலையகத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எங்கள் லய வீட்டு வரிசையிலிருந்து கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆளும் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. இப்போது அதே கெம்பஸில், கணிதத் துறையில் உதவி விரிவுரையாளர். தற்காலிக வேலை. வருடா வருடம் துறைத் தலைவர் கையெழுத்திட்டால்தான் நீளும்.

துறைத் தலைவர் பேராசிரியர் சிவபாலன்தான் என்னைச் சென்னைக்கு அனுப்பினார். எங்கள் நூலகத்துக்கு வெளிநாட்டு ஆய்விதழ்கள் வருவது நின்றுபோய்ப் பல காலம். அடையாற்று நூலகத்தில் எல்லாம் கிடைக்கும் என்று இருபத்து மூன்று கட்டுரைகளின் பட்டியலைக் கையில் கொடுத்தார். "உம்மட அத்தை அங்கதானே இருக்கிறா? ஒரு கிழமை நின்டு போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு வாரும்."

பட்டியலில் இல்லாத இருபத்து நான்காவது கட்டுரை ஒன்று என் பையின் அடியில் இருந்தது. அது நான் எழுதியது. முப்பத்தொரு பக்கம், கையெழுத்துப் பிரதி. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய ஒரு கணக்கு. அதன் இன்னொரு பிரதி சிவபாலன் சாரின் மேசை இழுப்பறையில் எட்டு மாதமாகக் கிடந்தது. "பார்ப்பம், பார்ப்பம்" என்பார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆனால் எனக்கும் நேரம் இல்லாமல் போய்விட்டது. இதே துறையில் வேலை செய்யும் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியருக்கு, அவருடைய கட்டுரை ஒன்றின் பிரதி கேட்டு வான்கடிதம் எழுதியிருந்தேன். என் கணக்கின் சுருக்கத்தையும் கூட எழுதியிருந்தேன். பதிலுக்கு ஒரு தபாலட்டை வந்தது: இதே கணக்கை இன்னும் இரண்டு பேர் முயல்கிறார்கள். இதழுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே மின் காப்பகத்தில் போடுங்கள். முதலில் கண்டவர் யார் என்பதற்கு அங்கே விழும் தேதிதான் தேதி.

மின் காப்பகம் என்றால் என்ன என்று எங்கள் துறையில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கெம்பஸின் ஒரே மின்னஞ்சல் கணினி ஆறு மாதமாகத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

கணினி அறையையும் கவனித்துக்கொண்ட நூலகப் பொறுப்பாளர் ஹேமா மேடம், நாற்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். என் பட்டியலை வாங்கிப் பார்த்தவர் பென்சிலால் மளமளவென்று குறியிட்டார்.

"இந்தப் பதினொண்ணுக்கு நீ ஜெராக்ஸ் வரிசையில நிக்க வேணாம்மா."

"ஏன், இல்லையா?"

"இருக்கு. எழுதினவங்களே மின் காப்பகத்துல போட்டு வெச்சிருக்காங்க. ஒரு மெயில் தட்டினா வந்துடும்."

தட்டினார். நாங்கள் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் முதல் கட்டுரை வந்திருந்தது. எங்கள் கெம்பஸுக்குக் முன்பு கடல் வழியாக மூன்று மாதத்தில் வந்துகொண்டிருந்தது ஒரு தம்ளர் காப்பிக்குள் வந்துவிட்டது.

"யார் வேணா கேக்கலாமா?"

"யார் வேணா கேக்கலாம், யார் வேணா போடலாம். நீ யாரு, எந்த ஊரு, உன் ப்ரொஃபசர் யாரு, ஒண்ணும் கேக்காது."

எந்தத் தோட்டம், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வளர்ந்தவள் நான். ஒன்றும் கேட்காத ஓர் இடம் உலகத்தில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுவரோரம் சாய்வான மர அடுக்கு ஒன்று இருந்தது. உலகெங்கும் ஆய்வாளர்கள் தங்கள் புதுக் கட்டுரைகளை அச்சாகுமுன்பே பிரதியெடுத்து, தெரிந்த நிறுவனங்களுக்குத் தபாலில் அனுப்புவார்களாம். வெள்ளிக்கிழமைதோறும் அவற்றை இங்கே பரப்பி வைப்பார்களாம். "அதுக்கு அவங்க லிஸ்ட்ல உன் பேரு இருக்கணும்" என்றார் ஹேமா மேடம். "இப்ப பாதி அடுக்கு காலி. நான் தூசி தட்டிட்டிருக்கேன்."

பையின் அடியிலிருந்து என் முப்பத்தொரு பக்கத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். கையெழுத்தாக இருந்தால் காப்பகம் ஏற்காது, கணிதக் குறிகளையெல்லாம் கட்டளைகளாகக் கணினியில் அடித்து ஃபிளாப்பியில் கொண்டுவர வேண்டும் என்றார். "மயிலாப்பூர்ல அந்தோணின்னு ஒருத்தர். ஊர்ல பாதி தீசிஸ் அவர் கைலதான் முடியும். திங்கக்கிழமை கொண்டா. செவ்வாய்லேர்ந்து போன் லைன் ரிப்பேர்ங்கறாங்க, எப்ப வரும்னு தெரியாது."

வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். அதே நிறத்தில், ஒரு விரற்கடை பெரிதாக, யாருடையதோ கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த வாரம் முழுவதும் சென்னையைச் சுற்றினேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் அத்தை வீடு. எழுபதுகளில் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி இந்தியா வந்தவர்களில் அத்தையும் ஒருத்தி; இப்போது ஒரு திருகாணிப் பட்டறையில் பொதி கட்டுகிறாள். பேச்சு முழுக்கச் சென்னையாகிவிட்டது. "வாடி யோகா, இன்னா இப்டி எளச்சிட்டே" என்று வரவேற்றாள். டீயை மட்டும் மாற்றிக்கொள்ள முடியவில்லை என்றாள். இங்கே தூளைப் பாலிலேயே போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். குடித்தால் இனிப்பான கஞ்சி குடித்ததுபோல நிறைந்துவிடுகிறது. நான் கொண்டுபோயிருந்த தோட்டத்துத் தூளில் வெறும் சாயத்தேநீர் போட்டுக் கொடுத்தேன். அத்தை தம்ளரை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மயிலாப்பூர். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டின் கீழ் அறைதான் அந்தோணியின் கடை. கடற்கரைக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் கட்டுமரத்தில் போகிறார்கள். இவர் தட்டச்சுப் படித்துக் கணினிக்கு வந்துவிட்டார். என் தாள்களைப் புரட்டியவர் கடைசிப் பக்கங்களில் இருந்த ஏழு படங்களில் நின்றார்.

"இன்னாமா இது, மார்கழி மாசத்து வாசல் கணக்கா கீது? எழுத்து அடிச்சுடுவேன். ஆல்ஃபா, பீட்டா எல்லாம் நமக்கு மச்சான் முறை. படம் வராது."

"வரும். ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன். நீங்கள் அடியுங்கள்."

"எத்தினி புள்ளி?"

"இருநூற்றுப் பதினாறு."

அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

வெள்ளி எழுத்துக்கு, சனி படங்களுக்கு. கட்டத்தாள் வாங்கி வந்து, ஏழு படங்களையும் அதில் வரைந்து, புள்ளி புள்ளியாகப் படித்தேன். "மூன்று புள்ளி ஐந்து, இரண்டு. நான்கு, இரண்டு." அவர் திரும்பப் பார்க்காமல் தட்டிக்கொண்டே போனார். நான்காவது படத்தில் கணினி அணைந்தது. மாடிப்படியில் வீட்டுக்கார மாமி.

"அந்தோணி! ஆத்துல ஃபியூஸ் போயிடுத்து. எல்லாம் உன் மெஷினாலதான். நான் டி.வி. பாத்துண்டு இருந்தேன்."

"மாமி, நீங்க கிரைண்டரும் போட்டுக்கினு டி.வி.யும் பாத்துக்கினு இருந்தா என் மெஷின் இன்னா பண்ணும்?"

"நான் மாவு அரைக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கீழ வர்தே!"

ஃபியூஸ் போட்டதும் நான்காவது படத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மத்தியானம் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டார். "மேல மாமிக்கு மீன் வாசனை ஆவாது. சோறு துன்ன மட்டும் கடலாண்ட போய்டுவேன். வரியா?" மணலில் உட்கார்ந்து அவர் வீட்டு நெத்திலிக் குழம்பைச் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் இதையே கருவாடாகத்தான் பார்த்திருக்கிறோம். மலைக்கு வருவதற்குள் மீன் காய்ந்துவிடும். பச்சை நெத்திலிக்கு இப்படியொரு இனிப்பு இருப்பது இருபத்தைந்து வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

மாலையில் ஏழு படங்களும் முடிந்தன. முதல் பக்கத்தை மட்டும் அவரே அமைத்துவிடுவதாகச் சொன்னார். "உன் ஊரு, டிபார்ட்மென்ட் பேரு எல்லாம் எழுதின தாள் ஒண்ணு குடு." சிவபாலன் சார் நூலகத்துக்குக் கொடுத்த அறிமுகக் கடிதத்தின் பிரதியைக் கொடுத்தேன். அச்சடித்த தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னை விடவில்லை. "மெட்ராஸ் வந்துட்டு தி.நகர் பாக்காமப் போனா உங்க ஆத்தா என்னைத்தான் கேப்பா." ரங்கநாதன் தெருவில் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்விடுகிறது. ஒரு புடவைக் கடை மாடியில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார வைத்தார்கள். அத்தை அம்மாவுக்காகப் புடவை புடவையாகப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டுரைத் தாள்களை எடுத்துப் புடவைகளுக்கு நடுவே பரப்பிப் பிழை திருத்தத் தொடங்கினேன்.

விற்பனையாளர் ஒரு படத்தை எட்டிப் பார்த்தார். "மேடம், இது இன்னா டிசைனு? நம்மகிட்ட கட்டம் போட்டது கீது, இது இல்லியே."

நான் சிரித்துக்கொண்டே முதல் பக்கத்தைத் திருப்பினேன். சிரிப்பு நின்றது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். முதலில் பேராசிரியர் சிவபாலன். அவருக்குக் கீழே நான்.

அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஆளு உங்கூட உக்காந்து கணக்குப் போட்டாரா?"

"இல்லை."

"அப்றம் அவரு பேரு எதுக்கு? நான் பறிச்ச கொழுந்தைக் கங்காணி பொண்டாட்டி பறிச்சதா எழுதுவானுங்க. அதுக்குத்தான் படிக்க வெச்சாங்களா உன்னை?"

சொல்வது எளிது. அடுத்த மாதம் என் வேலை நீள வேண்டும். அவர் பெயர் மேலே இருந்தால் அவர் மகிழ்வார். படிப்பவர்களும் மதிப்பார்கள். இல்லையென்றால், எங்கள் கெம்பஸிலிருந்து அவருக்குத் தெரியாமல் உலகத்துக்குப் போன கட்டுரை என்று ஆகும். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் இதையே புரட்டினேன். வீடு வருவதற்குள் முடிவெடுத்துவிட்டேன்.

திங்கள் காலை அந்தோணி கடை திறக்குமுன் சந்தில் நின்றேன்.

"நீங்களாக எப்படி அவர் பெயரைப் போட்டீர்கள்?"

"இன்னாமா கோச்சுக்கிற? லெட்டர்ல அவருதானே தலைவர்னு கீது. எல்லாப் பேப்பர்லயும் கைடு பேரு மொதல்ல வரும். நீ மறந்துட்டியோன்னு நான்தான் போட்டேன். கைடு பேரு இல்லாத பேப்பரு தலையில்லாத மீனும்மா. சந்தையில எவனும் தொட மாட்டான்."

"தலையை வெட்டிவிட்டுத்தானே குழம்பு வைக்கிறீர்கள்?"

"தலையிலதாம்மா ருசியே!"

சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அண்ணா, அவர் இதில் ஒரு வரி எழுதவில்லை. என்னை இங்கே அனுப்பினார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அதன் இடம் கடைசிப் பக்கம்."

"ஊர்ல போனா உன்னை இன்னா பண்ணுவாரு?"

"தெரியாது."

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். முதல் பக்கத்தைத் திறந்து அந்தப் பெயரை அழித்தார். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று அடித்தார். நான் சொல்லச் சொல்ல விரல் ஓடியது. படங்களை அமைத்துத் தட்டச்சு செய்த அந்தோணி என்று சொன்னபோது நின்றது.

"என் பேரா?"

"இருநூற்றுப் பதினாறு புள்ளி யார் வைத்தது?"

"முந்நூறு தீசிஸ் அடிச்சிருக்கேம்மா. பொண்டாட்டிக்கு நன்றி, மாமனாருக்கு நன்றி. ஒர்த்தரு அவுங்க வூட்டு நாய்க்கு நன்றி போட்டாரு. எல்லாம் நான்தான் அடிச்சேன்."

தன் பெயரை அடிக்கும்போது மட்டும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தார்.

ஃபிளாப்பி வளையாமலிருக்க அத்தையின் சோற்று டப்பாவில் வைத்து எடுத்துப் போனேன். சென்னைப் பேருந்தில் நடத்துநர் எழுந்து வருவதில்லை. காசு கைக்குக் கை போய்ச் சீட்டாகத் திரும்பி வருகிறது. நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். மீன்கூடைக்கார அம்மா ஒருவர் என் டப்பாவை வாங்கிக்கொண்டார். கூட்டம் என்னை முன்வாசலுக்குத் தள்ளியது, அடையாறு வந்தது, நான் இறங்கிவிட்டேன். பேருந்து நகர்ந்த பிறகுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது.

பெரிய செருப்போடு ஓடினேன். அந்த அம்மா சன்னலில் தலையை நீட்டினார். "ஏய் பொண்ணு! சோத்த வுட்டுட்டுப் போறியே, மத்தியானம் இன்னாத்த துன்னுவே?" என்று டப்பாவை வீசினார். என் வாழ்க்கையில் நான் பிடித்த ஒரே பந்து அதுதான்.

கணினி அறையில் ஹேமா மேடம் முதல் பக்கத்தைப் பார்த்தார். "உன் பேரு மட்டும்தானா? உங்க ப்ரொஃபசருக்குத் தெரியுமா?"

"எட்டு மாதமாக அவர் இழுப்பறையில் இருக்கிறது, மேடம். தெரியும்."

அவர் ஃபிளாப்பியை வாங்கிக் கணினியில் செருகினார். தன் மின்னஞ்சல் கணக்கிலிருந்து அனுப்ப உட்கார்ந்தார். இரண்டு முறை தொடர்பு அறுந்தது. மூன்றாவது முறை போனது. அரை மணி கழித்து ஒரு வரி பதில் வந்தது: கட்டுரை பெறப்பட்டது. ஓர் எண், ஒரு தேதி. அவ்வளவுதான். கையொப்பம் இல்லை, முத்திரை இல்லை. அந்தத் தாளை இரண்டு பிரதி அச்சடித்துக்கொண்டேன்.

செவ்வாயன்று தொடங்குவதாக இருந்த லைன் ரிப்பேர் தொடங்கவில்லை. அதனால் புதன்கிழமை, மீதிப் பன்னிரண்டு கட்டுரைகளையும் ஜெராக்ஸ் எடுத்து முடித்த நேரத்தில், ஹேமா மேடம் கையசைத்துக் கூப்பிட்டார். எனக்கு ஒரு மெயில். நான் பெயரே கேள்விப்படாத ஓர் ஊரிலிருந்து, நான் கேள்விப்படாத ஒருவர். அன்புள்ள ஐயா, உங்கள் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆறாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறதோ?

தாளை எடுத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இரண்டு வரியில் சரிசெய்துவிடலாம், ஆனால் பிழை பிழைதான். உலகமே பார்க்கும் இடத்தில் போட்டுவிட்டேனே என்று அவமானமாக இருந்தது.

"எட்டு மாசத்துல யாராவது இதைச் சொன்னாங்களா?" என்று கேட்டார் ஹேமா மேடம்.

"இல்லை."

"ரெண்டு நாள்ல ஒருத்தர் படிச்சிருக்காரு. அத எண்ணிக்கோ. திருத்தி மறுபடி அனுப்பு. பழசும் அங்கயே இருக்கும், அதோட தேதியும் இருக்கும்."

திருத்தி அனுப்பினேன். அந்த மனிதருக்கு நன்றி எழுதி, ஐயா என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்குப் புரியட்டும் என்று, செல்வி மு. யோகேஸ்வரி என்று கீழே போட்டேன். வெளியே வந்தபோது என் பழைய செருப்பு வாசலில் கிடந்தது. போட்டுப் பார்த்தேன். கடித்தது. ஆனாலும் அதையே போட்டுக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் சிவபாலன் சாரின் அறைக்குப் போனேன். மேசையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில், என் வேலை நீட்டிப்புப் படிவம் கையெழுத்தில்லாமல் இருந்தது. இருபத்து மூன்று கட்டுரைகளை வைத்தேன். மேலே இருபத்து நான்காவதையும் காப்பகத்தின் பதிலையும் வைத்தேன்.

"இது பட்டியலில இல்லையே?"

"இது என்னுடையது, சார். உங்களிடம் கொடுத்த அதே கட்டுரை. காப்பகத்தில் போட்டுவிட்டேன்."

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாக, கடைசிவரை. நன்றியில் விரலை வைத்தார்.

"என்ன பிள்ளை, டைப் அடிச்ச ஆளின்ர பேர் என்ர பேருக்கு முன்னுக்கு நிக்குது?"

"அகர வரிசை, சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் குனியவில்லை. கண்ணாடிக் குண்டை நகர்த்தி, படிவத்தை இழுத்து, கையெழுத்திட்டு என் பக்கம் தள்ளினார். பிறகு இழுப்பறையைத் திறந்து என் முப்பத்தொரு பக்கத்தை எடுத்து வெளியே வைத்தார். அதற்கு அடியில் இன்னொரு கட்டு இருந்தது. பழுத்த தாள், அவருடைய கையெழுத்து. இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கடிதங்கள் குண்டூசியில் குத்தியிருந்தன. என்னுடையதைவிட அது பல வருடம் மூத்தது.

"இதையும் அந்த அந்தோணி அடிச்சுத் தருவாரோ?"

"தருவார், சார். ஆனால் அனுப்புவதற்கு முன் முதல் பக்கத்தை மட்டும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்."